பல்பைக் கழட்டியாச்சா?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி அடித்தால் ரஹமீம் படியேற ஆரம்பித்துவிடுவார். ஜெருசலேமில், கத்தமோன் பக்கத்துப் பழைய கட்டடம். நான்கு மாடி, பதினாறு வீடு. ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கையால் ஒரு தட்டு. "பல்பைக் கழட்டியாச்சா?" இல்லை என்றால் கேட்காமலே சமையலறைக்குள் புகுந்துவிடுவார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாளில் விளக்கேற்றலாகாது. பல்பை மறந்த வீட்டில் சனிக்கிழமை இருட்டும்வரை கதவைத் திறக்க வழியில்லை. சமைத்ததெல்லாம் உள்ளே, சாப்பிட வேண்டியவர்கள் வெளியே. தன் கட்டடத்தில் அப்படியொரு கூத்து நடக்கக்கூடாது என்பது இவர் வைராக்கியம்.

நாற்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எப்போதோ ஒரு சிலிண்டர் வெடித்ததில் இடது காது போய்விட்டது. வலது காது இரண்டுக்கும் சேர்த்து உழைக்கிறது. வாசலில் நின்றபடியே, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, கால்தான் ஆடுது. அட்டையை மடிச்சு அண்டக் குடுங்க" என்பார். ஓய்வுநாளில் வேலையைப் பற்றிப் பேசவும் கூடாதல்லவா? ஜெபஆலயத்தில் எல்லாரும் வேதம் கேட்கும்போது, இவர் பின்னறை ஃப்ரிட்ஜைக் கேட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் தூக்குவார். அங்கே வேலை பார்ப்பவர் புரிந்துகொள்வார்: பொழுது சாய்ந்ததும் மனிதர் பெட்டியோடு வந்து நிற்பார்.

வீட்டிலும் அதே கதைதான். மேசையில் அவருடைய நாற்காலி சமையலறைக்கு வலது காதைக் காட்டியபடி இருக்கும். செவிட்டுக் காதின் பக்கம் உட்காருகிறவள் மனைவி மஸல். "ஆறு நாள் ஊருக்கு. ஏழாவது நாள் ஃப்ரிட்ஜுக்கு. எனக்கு எந்த நாள், ரஹமீம்?" என்று அவள் கேட்டால், "ம்" என்பார்.

மூன்று வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது வேறொன்று. வரும் புதன்கிழமை அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டாள். அதற்கும் "ம்"தான். புதன்கிழமைக்கு அவர் நான்கு வீட்டு வேலை ஒப்புக்கொண்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ரிட்ஜ் முரண்டு பிடித்தது. ஓய்வுநாள் வரப்போகிறது என்று ஊரில் சங்கு ஊதும்வரை அங்கேயே கிடந்துவிட்டு, ஓடிவந்து குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மஸல் ஃப்ரிட்ஜ் கைப்பிடி வரை நீட்டிய கையை நிறுத்தினாள்.

"ரஹமீம், நம்மளுது?"

பதினைந்து வீட்டுக்குப் பல்பு கழட்டியவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மீன், கத்தரிக்காய், ஊறுகாய் எல்லாம் உள்ளே. வெளியே இருந்தது, மறுநாள் மதியத்துக்கென்று அணைக்காமல் விட்ட மின்சூடுதட்டின் மேல் வைத்திருந்த இலைச்சுருள் சோறு மட்டும்தான். மேல்வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் லிஸி வேற்று மதத்துப் பெண், அவளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் திறந்து கொடு என்று அவளிடம் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, ஜாடையாகச் சொல்லலாம்.

"அந்தப் பொண்ணைச் சும்மா வரச்சொல்லேன். வீட்டுல மீன் இருக்கு, தின்ன முடியலன்னு பொதுவாப் பேசுவோம்" என்றார் ரஹமீம்.

"ஒண்ணும் வேணாம். ஒரு நாள் மூடியே கெடக்கட்டும். வாரம் பூரா நோண்டுறியே, அதுக்கும் ஓய்வு வேணாமா?"

சாப்பிட்டு முடிந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை. ரஹமீம் வலது காதை மூடிய கதவின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஒருமுறை செருமி நின்றது. அவர் பாதி எழுந்தார்.

மஸல் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றாள்.

"புதன்கிழமை எனக்குக் கண்ணு ஆபரேஷன்" என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னாள். "ராத்திரியெல்லாம் தூக்கம் வரல, பயமா இருக்கு. வீட்டுக்காரரு உன் பேச்சைத்தான் கேட்பாரு. நீ சொன்னாலாவது வருவாரா பாப்போம்."

சமையலறைப் பக்கத்து வலது காது ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டது. பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பணிந்த குரலில், "எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றார்.

மஸல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மோட்டார் மறுபடியும் செருமியது. ரஹமீம் தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, மேசையைச் சுற்றிக் கொண்டுபோய், அவளுக்கு மறுபக்கத்தில் போட்டு, செவிட்டுக் காதைச் சமையலறைக்குக் காட்டி உட்கார்ந்தார்.