கயாக் மேட்டுச் சபையும் ஃபிலோஜென் அண்ணனும்

எங்கள் தீவில் வெறுங்காலோடு யாரும் ஆலயத்துக்குள் நுழைய மாட்டார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது, வெறுங்கால் வறுமையைக் காட்டிவிடும் என்ற வெட்கம்தான். மலைப்பாதை முழுக்க ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்போம். ஆலயம் கண்ணுக்குத் தெரிந்ததும் காலைத் துடைத்து மாட்டிக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனேலியாவின் செருப்பு மாட்டும்போதே அறுந்துபோனது. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள், வேறு செருப்புக்கு எங்கே போவாள்? வெளியே மரத்துக்குப் பின்னால் கழுதையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள், கழுதைக்கு ஏதோ நோவு என்பது போல. பிரசங்கம் செய்ய எழுந்த ஃபிலோஜென் அண்ணன் வாசல் வழியாக அதைப் பார்த்தார். எச்சில் துப்பப் போகிறவரைப் போல வெளியே போனார். திரும்பி வந்தபோது காலில் ஷூ இல்லை. அப்படியே முன்னால் போய் நின்று வேதத்தைத் திறந்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அனேலியா உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலோரம் இருந்ததால் எல்லாம் என் கண்ணில் பட்டது.

எங்கள் லா கோனாவ் தீவில் ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். அந்தத் தொட்டிகளைக் கட்டுகிற கொத்தனார் ஃபிலோஜென் அண்ணன். கல் அடுக்கும்போது பாடுவார். சாயங்காலம் பாட்டுக் கேட்க நாலு பேர் வருவார்கள், அப்புறம் ஜெபத்துக்கு நிற்பார்கள். தொட்டி முடியும்போது அந்த ஊரில் ஒரு சபை இருக்கும். எங்கள் பக்கத்துச் சபைகள் நாலும் அப்படி வந்தவைதான். துறைமுகத்தில் இருந்த வில்சேன் பாஸ்டர் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் கொடுக்க எப்போதாவது கழுதையில் வருவார். மற்ற எல்லாப் பாடும் ஃபிலோஜென் அண்ணனுடையது.

உட்கார்ந்து சாப்பிட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. சோளக் கஞ்சியைக் கையில் வாங்கி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே குடிப்பார். "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க, எங்க நாற்காலி கடிக்காது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். உட்கார்ந்தால் அடுத்த சபையில் யாரோ தன்னைத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்பார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்பார்.

நாலில் எங்கள் கயாக் மேடுதான் உயரம், கயாக் மேடுதான் சின்னதும். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் படகேறித் தலைநகரத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் மடங்காது. பாட்டு நடத்துகிற ரோஸ்மேன் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பாட்டுப் புத்தகம் முழுவதும் மனப்பாடம். அவர் ஒரு வரி பாடுவார், அதே வரியை நாங்கள் திருப்பிப் பாடுவோம். அப்படித்தான் எங்கள் ஆராதனை. கூரை பனையோலை. மழை வந்தால் பெஞ்சுகளை ஒரு மூலைக்கு இழுத்துப் போட்டுப் பாடுவோம்.

ஒரு வருஷம் கடல் கடந்து ஒரு மிஷனிலிருந்து விருந்தாளிகள் வருவதாகச் சொன்னார்கள். சபைகளைப் பார்த்து, கட்டடத்துக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் உதவப் போகிறார்களாம். நாலில் ஒன்றான அடிவாரத்து லாசுஸ் ஊர் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சபைக்கு விருந்தாளி வந்தால் அக்கம்பக்கத்துச் சபைகள் எல்லாம் தங்கள் கதவைச் சாத்திவிட்டு, பாடகர் குழுவோடு அங்கே போய்ச் சேர வேண்டும். விருந்தாளி முன்னால் பெஞ்சு காலியாகக் கிடந்தால் வந்தவரை வேண்டாம் என்று சொன்னது போல. அதனால் ஃபிலோஜென் அண்ணனே ஊர் ஊராகப் போய் எல்லாரையும் கூப்பிட்டார். பெஞ்சுகளைத் தலையில் வைத்துக்கொண்டு விடியுமுன் இறங்கினோம். நடக்க முடியாதவர்கள் மேட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

லாசுஸ் ஆலயம் அன்றைக்குப் பிதுங்கியது. ஜன்னலில் எல்லாம் தலை. வந்திருந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பீன்ஸ் சோறும் ஆட்டுக்கறியும் பொரித்த வாழைக்காயும் பரிமாறிய பிறகு அவர் எழுந்து பேசினார். இவ்வளவு பெரிய உயிருள்ள சபையைத் தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றும், இங்கேயே ஒரு பெரிய கான்கிரீட் ஆலயம் கட்டி வாத்தியாரையும் வைத்துவிடலாம் என்றும், மலை மேல் இருக்கும் ஓலைக் கொட்டகைகளை மூடிவிட்டு எல்லாரும் இங்கேயே கூடிக்கொள்ளலாம் என்றும் மொழிபெயர்த்தவர் சொன்னார். லாசுஸ்காரர்கள் கை தட்டினார்கள். நாங்களும் ஒன்றும் புரியாமல் தட்டினோம். நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபிலோஜென் அண்ணன் தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு பாஸ்டரைத் தேடிச் சமையல் கொட்டகைப் பக்கம் போனார். நாங்கள் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம்.

"பாஸ்டர், நாலு சபை சேர்ந்து வந்தத லாசுஸ் சபைன்னு நெனச்சுட்டாங்க."

"நெனச்சா என்ன? நல்லதுதானே நடக்குது."

"கயாக்ல இருக்கிறவங்க எப்படி இங்க வருவாங்க?"

"இன்னைக்கு வந்தாங்கல்ல?"

"வர முடிஞ்சவங்க வந்தாங்க."

பாஸ்டர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். இப்போது போய் நீங்கள் நினைத்தது தப்பு என்று சொன்னால் நம்மைப் பொய்க்காரர்கள் என்று நினைப்பார்கள், வருகிற உதவியும் திரும்பிப் போய்விடும் என்றார். "வாய் வரைக்கும் வந்த சோத்துல மண்ணைப் போடாத ஃபிலோ" என்று முடித்துவிட்டார்.

மேட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் எங்களுக்கு முன்னால் வேகமாக ஏறுவார், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி இறங்கி வருவார், மறுபடி ஏறுவார். ஒரே பாதையை இரண்டு தடவை நடந்தார். பொழுது சாயும் நேரம் ஆலயத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரோஸ்மேன் அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில் வேலியைத் தடவிக்கொண்டே வந்து, தனியாக ஆராதனை நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு வரியும் பாடிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம்.

"யாரும் திருப்பிப் பாடல. ஒருவேளை கர்த்தர் பாடியிருப்பாரு, எனக்குத்தான் காது மந்தம்" என்று சிரித்தார்.

நாங்களும் சிரித்தோம். ஃபிலோஜென் அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் இறங்கிப்போய் அந்தப் பெரியவரைக் கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். மொழிபெயர்த்தவரும் கூட வந்தார், பாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பெரியவர் ஓலைக் கூரையைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த கிழங்கட்டைகளைப் பார்த்தார், இந்தச் சபை ஜனங்கள் எங்கே என்று கேட்டார்.

"இவங்கதான்யா" என்றார் அண்ணன். "நேத்து நீங்க பார்த்தது நாலு சபை. கூப்பிட்டது நான்தான். மரியாதைக்குக் கூப்பிட்டேன், தலை எண்ணிக் காட்டக் கூப்பிடல. இவங்களால இறங்கி வர முடியாது. முடியாதுங்கிறதாலதான் இங்க ஒரு சபை இருக்கு."

பெரியவர் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ரோஸ்மேன் அம்மா ஒரு வரி எடுத்தார். வார்த்தை தெரியாமல் பெரியவரும் எங்களோடு ராகத்தை மட்டும் முனகினார்.

மழைக்காலம் முடிந்து பதில் வந்தது. பெரிய ஆலயம் இல்லை. மேட்டுச் சபைகளுக்குக் கூரைத் தகரம் மட்டும் கொடுத்தார்கள். லாசுஸில் அத்தனை ஜனம் இல்லை என்று அங்கே ஒன்றும் வரவில்லை, வாத்தியாரும் வரவில்லை. தன்னால் வந்த வினை என்று அண்ணன் அடுத்த ஞாயிறே அங்கே போனார். யாரும் எழுந்து கை கொடுக்கவில்லை. "எங்க பிள்ளைங்க வாயில வந்த சோத்தத் தட்டிவிட்டுட்டு, பிரசங்கம் வேற பண்ண வந்துட்டாரு" என்று ஒருத்தி அவர் காதுபடவே சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கயாக்கைத் தவிர மற்ற சபைகளை பாஸ்டர் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

அவர் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் ஜெபத்தில் கேட்கிறேன். லாசுஸ் பிள்ளைகள் எழுத்துத் தெரியாமல் ஆடு மேய்ப்பதைப் பார்க்கும்போது மனசு ஒரு பக்கம் நிற்பதில்லை. நம் பார்வைக்கு எட்டாததை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் தகரத்தை அண்ணனே அடித்துக் கொடுத்தார். இனி எங்களோடு ஓய்ந்து இருப்பார் என்று நினைத்தோம். ஒரு சபை அவர் கால்களுக்குப் போதவில்லை. கடலுக்கு அந்தப்புறம், பெருந்தீவின் வறண்ட மலையொன்றில் தொட்டி கட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் மூட்டையாகிவிட்டன.

படகுத் துறைக்கு நானும் போனேன். கரிமூட்டைகளும் ஆடுகளும் ஏறிக்கொண்டிருந்தன. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டேன். படகுக்காரன் உட்காரச் சொல்லிக் கத்தியும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, எவ்வளவு பெரிய விருந்தாளி வந்தாலும் எல்லாரும் இறங்கி வந்துடாதீங்க. யாராவது ஒருத்தர் மேட்டுல இருங்க. அந்தம்மா பாடினா, பதிலுக்கு ஒரு தொண்டையாவது வேணும்."