முடியும் என்றும் முடியாது என்றும்

தை மூன்றாம் வாரம்: மகள் கணவன் வீட்டிலிருந்து திரும்பினாள். மாசி: அவள் கைவிரல்களில் மூட்டுவாதம் என்று மருத்துவர் எழுதித் தந்தார். பங்குனி: வீட்டு வாயிலில் ட்யூஷன் பலகை மாட்டினேன். ஆனி: மருமகன் மணவிலக்கு மனு கொடுத்தார், மகள் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டாள். ஆவணி: என் மனைவி காலமானாள். ஐப்பசி இரண்டாம் செவ்வாய்: குடும்ப நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்னேன்.

இவற்றுக்கிடையே நான் செய்த பிழையை இனி எழுத வேண்டும்.

மகள் இயற்பியலில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள். காலையில் அவள் விரல்கள் மடங்கா. தோசையைப் பிட்டுத் தின்னவே சிரமப்படுவாள். கல்யாண வீடுகளில் யாரும் விரலைப் பற்றிக் கேட்பதில்லை. எப்போது திரும்பிப் போவாள் என்றுதான் கேட்பார்கள். ஒருவரிடம், ட்யூஷன் எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சொன்னதை மெய்யாக்க, கொட்டாரம் ஊரில் பலகை எழுதும் ஒருவரிடம் அவள் பெயரும் பட்டங்களும் எழுதி வாங்கி வாயிலில் மாட்டினேன். மனைவி மட்டும் கேட்டாள்:

"அந்தப் பிள்ளைக்கு சாக்பீஸ் பிடிக்க முடியல்ல. இத யாருக்காகத் தொங்கவிடுகியோ?"

எதிர்வீட்டுக்காரர், "அப்பனும் வாத்தியாரு, மோளும் வாத்தியாரு. இனி உங்க வீட்ல மணியடிச்சாத்தான் சோறு" என்றார். நானும் சிரித்தேன். ஒரு மாணவரும் வரவில்லை. வந்தால் என்ன செய்வது என்ற யோசனையும் எனக்கு இருந்ததில்லை.

பலகையின் புகைப்படத்தை மருமகனின் வழக்கறிஞர் தாக்கல் செய்தார். சம்பாதிக்கிறவளுக்கு ஜீவனாம்சம் எதற்கு என்பது அவர் வாதம். மகளுக்கு மாதந்தோறும் போட வேண்டிய ஊசிக்கான பணம் ஜீவனாம்ச உத்தரவைப் பொறுத்திருந்தது.

குறுக்கு விசாரணையில் அந்தப் படத்தைக் காட்டி அவர் வழக்கறிஞர் என்னிடம் கேட்டார்:

"சார், இத எழுதிப் போட்டது நீங்கதானா?"

நான்தான் என்றேன்.

"அப்ப ஊருக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணா?"

கூண்டுக் கட்டையிலிருந்து கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஊருக்குச் சொன்னது பொய் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பொய்யை ஈடுகட்டும் பதற்றத்தில், அவளால் எந்த வேலையும் செய்ய இயலாது, எக்காலத்திலும் இயலாது என்றும் சொன்னேன். அப்படியொரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. மகள் மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்து அமர்ந்திருந்தாள். உத்தரவு ஒத்திவைக்கப்பட்டது.

திரும்பும் வழியில் பேருந்து சுசீந்திரத்தைத் தாண்டியது. மகள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவரு எனக்கு எல்லாம் முடியும்னாரு. நீங்க ஒண்ணுமே முடியாதுன்னியோ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னப்பா?"

மடியிலிருந்த வழக்குக் கட்டை அவிழ்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லாமல் மறுபடி கட்டினேன். அவள் அம்மா இருந்திருந்தால், உனக்கு என்ன முடியும் என்று வீடு வருமுன் அவளிடம் கேட்டு முடித்திருப்பாள்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்கார இயலவில்லை. இந்தத் தாளையே மூன்று அறைகளில் வைத்து எழுதினேன்.

இன்னும் செய்யாதவை:

எங்கள் வழக்கறிஞரிடம், 'எக்காலத்திலும்' என்று நான் சொன்னதைத் திருத்த வழியுண்டா எனக் கேட்பது.

மனைவியின் மருந்துகளை அலமாரியிலிருந்து எடுப்பது.

எந்த வேலை, எவ்வளவு நேரம் அவளால் முடியும் என்று மருத்துவரிடம் தெளிவாக எழுதி வாங்குவது.

அதற்கு முன், மகளிடம் கேட்பது.