அட்டை கடிக்காத புண்

சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்து டாக்டராக நான் இருந்த எழுபதுகளில், காலில் எந்தப் புண்ணைக் கண்டாலும் அட்டைக்கடி சீழ் பிடித்தது என்று சொல்லிவிடும் முட்டாளாக இருந்தேன். மழையில் ஏலக்காய் எடுக்கிற எல்லோரையும் அட்டை கடித்திருக்கும். ஆகவே என் முட்டாள்தனம் பெரும்பாலும் பலித்து, எனக்குக் கைராசிக்காரன் என்ற பெயர்கூட இருந்தது.

ஒருநாள் வந்த, காய் எடுக்கும் பெண் ஒருத்திக்கும் அதையே சொன்னேன். கெண்டைக்காலில் புண், சுற்றிலும் ஊதா விளிம்பு. வெட்டிச் சுத்தம் செய்து பென்சிலின் போட்டேன். புண் பெரிதானது. இன்னும் ஆழமாக வெட்டினேன். அது இன்னும் விரிந்தது. கடைசியில், ஊசி குத்திய கையிலும் அதே ஊதா விளிம்போடு ஒரு புண் எழும்பியது. ஊசியைச் சரியாகக் கொதிக்கவைக்கவில்லை என்று கம்பவுண்டரைத் திட்டினேன்.

காலையே எடுக்க வேண்டிவருமோ என்று பயந்து அவளை மதுரைக்கு அனுப்பினேன். அங்கிருந்த தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாராம்: இதில் கிருமியே இல்லை, உடம்பு தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும் அபூர்வ நோய், கத்தியும் ஊசியும் பட்டால் பெருகும். ஸ்டீராய்டு மாத்திரையில் புண் ஆறியது.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஊதா விளிம்பு என் கத்திக்குப் பின்னாலேயே நகர்ந்து வருகிறது.

அன்று மதுரையிலிருந்து திரும்பி வந்தவளிடம், "பாத்தியா, கால் தப்பிச்சிருச்சு" என்று பெருமையாகச் சிரித்தேன்.

"அங்க நீங்க தொடலைல்ல டாக்டரய்யா, அதான்."