புளி போட்டு மினுக்கிய குழாய்

என் பிள்ளைகளே, வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால் நீங்கள் இருவரும் அந்தக் கதையைத் தொடங்கிவிடுகிறீர்கள். மகளே, "அப்பா வேப்புக்குப் புளி போட்டவர்" என்று நீ எடுத்துக்கொடுப்பாய். மகனே, நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவாய். வந்தவர்கள் சோற்றை மறந்து சிரிப்பார்கள். புளி போட்டது உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்கிற கதையில் பாதி இல்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல. என்றாலும் நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

அந்த வருடம் நான் சிகரெட்டை விட்டிருந்தேன். விட வைத்தவள் நீதான், மகளே. உன் புத்தகப்பை சிகரெட் மணக்கிறது என்று வகுப்பில் ஒருத்தி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நீ என் காரில் ஏறவில்லை. பள்ளியிலிருந்து லிட்கமில் இருந்த நம் வீட்டுக்கு மழையிலும் நடந்தே வந்தாய். நான் பக்கத்தில் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டால், தெருவில் நோட்டீஸ் கொடுப்பவனிடம் சொல்வதுபோல, "நோ தேங்க்ஸ், அப்பா" என்பாய். ஒருநாள் உன் கண்முன்னே பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டு, இனித் தொடமாட்டேன் என்றேன். "பார்ப்பம்" என்றாய். அந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியாது.

வாய்க்கும் கைக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, தான் பாவித்த பழைய வேப்பைக் கொண்டுவந்து தந்தார்: சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கிற, பற்றரியில் புகைவிடுகிற செப்புக் குழாய்.

"அத்தான், இதுக்குள்ள சேர்க்கிட் ஒண்டும் இல்லை. குழாய், பற்றரி, பொத்தான், அவ்வளவுதான். பாதுகாப்புக்கு எண்டு இருக்கிற ஒரே சாமான் நீங்கள்தான்."

"அப்ப சரியான ஆபத்துத்தான்" என்றாள் அம்மா.

மாமா விளக்கினார். உலோகத்தை உலோகம் தொடுகிற இடங்கள் சுத்தமாக இருந்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போகும்: பொத்தானுக்கு உள்பக்கம், பற்றரியின் தலை முட்டுகிற இடம், பிறகு திருகிப் பூட்டுகிற புரிகள். அழுக்குப் பிடித்தால் புகை குறையும், குழாய் சுடும். "முதல்ல பற்றரியைக் கழட்டிப்போடுங்கோ. பஞ்சில ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுக் காயவிடுங்கோ. கறுத்துப்போனா பென்சில் அழிறப்பரால உரஞ்சுங்கோ. வேற ஒண்டும் போடாதேங்கோ, அத்தான்."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. வேலை முடிந்து வந்ததும் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவேன். அம்மா அந்தக் குழாய்க்கு 'இரண்டாந்தாரம்' என்று பெயர் வைத்தாள். "என்ர தாலிக்கொடியையும் ஒருக்கா இப்பிடித் துடைச்சுத் தரலாமே" என்பாள். மகனே, நீ அதைப் புல்லாங்குழல் என்றாய். நீ மட்டும், மகளே, தூரத்தில் நின்று பார்த்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குசினியில் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். கறுத்துக் கிடந்த விளக்கு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெளிக்கிட்டு நின்றது. என் கையில் குழாய், கைவியர்வையில் கறுத்தபடி. பித்தளையும் செப்பும் அண்ணன் தம்பிதானே என்று நினைத்தேன். மிச்சப் புளியை எடுத்து வெளியே, உள்ளே, புரி, பொத்தான் எல்லாம் தேய்த்தேன். அலசினேன். புரி இறுகாமல் சுழலட்டும் என்று நல்லெண்ணெயும் ஒரு சொட்டு விட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரு திரியும் போட்டால் சாமிக்கு முன்னால வைக்கலாம்."

அடுத்த நாள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் நீ காரில் ஏறினாய். பின்சீட்டில், கண்ணாடியை முழுக்கத் திறந்துவைத்து. அம்மாவின் கொண்டை கலைந்து பூ பறந்தது. நீ மூடவில்லை.

கும்பிட்டு முடிந்ததும் எனக்குப் புகை இழுக்க வாய் ஊறத் தொடங்கியது. கோயிலை விட்டு வெளியே வந்து, மரங்கள் இருந்த பக்கம் காருக்கு அப்பால் போய்ப் பொத்தானை அமுக்கினேன். புகை வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ரசம் தாளிக்கிற மணம் வந்தது. பிறகு கை சுட்டது. மாமா சொன்னது நினைவுக்கு வந்து, அவசரமாகத் திருகிப் பற்றரியை வெளியே எடுத்தேன். புரிக்குள் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. எண்ணெய் அதில் குழைந்து கிடந்தது.

பிள்ளைகளே, நீங்கள் சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சம் இதுதான்.

வீட்டுக்குப் போகிற வழியில் பெட்ரோல் அடிக்க வேண்டும். அங்கே சிகரெட் இருக்கிறது. குழாய் செத்துவிட்டது. நிமிர்ந்தால், மகளே, நீ பின்சீட்டில் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புரோக்கன் ஆ, அப்பா?"

"ஊத்தை பிடிச்சிட்டுது, பிள்ளை."

நீ இறங்கி வந்தாய். உன் பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்து நீட்டினாய். மகனே, நீ கார் லாச்சிக்குள் கிடந்த, கை துடைக்கிற ஸ்பிரிட்டையும், அம்மாவின் அர்ச்சனைக் கூடையிலிருந்து ஒரு பிடி பஞ்சுத்திரியையும் கொண்டு ஓடிவந்தாய்.

"டேய், அது விளக்குக்கு!" என்றாள் அம்மா.

"அப்பாவும் லைட் ஆகோணும்தானே, அம்மா."

சீமெந்து விளிம்பில் குந்தியிருந்து துடைத்தோம். திரிகள் பச்சையாகி, கறுப்பாகி, கடைசியில் வெள்ளையாகவே வந்தன. பொத்தானின் உள்பக்கத்தை அழிறப்பரால் உரஞ்ச உரஞ்ச செப்பு ரோஸ் நிறமாகத் தெரிந்தது. காயட்டும் என்று துண்டுகளைப் பூசைத் தட்டில் வரிசையாக வைத்தாய், மகளே. மற்றச் சனம் திருநீற்றுத் தட்டு என்று நினைத்துக் கைவைத்துவிடும் என்று அம்மா தட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இனி இழுத்துப் பாருங்கோவன்" என்றாய்.

யோசித்துப் பார்த்தேன். "பசிக்குது. முதல்ல தோசை சாப்பிடுவம்" என்றேன்.

பிறகுதான் அம்மா கேட்டாள்: "இஞ்சாருங்கோ, வீட்டிலயும் நீங்கள் உந்தக் குழாயைத் துடைக்கிறதைத்தான் கண்டிருக்கிறன். இழுத்ததை எப்பவப்பா கண்டனான்?"

ஆசை வருகிற நேரமெல்லாம் கழற்றத் தொடங்கியிருக்கிறேன் போல. பூட்டி முடிப்பதற்குள் அந்த ஆசை போய்விட்டிருக்கிறது.

திரும்பி வரும்போது பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். உள்ளே காசாளருக்குப் பின்னால் அந்த மூடிய சிகரெட் அலுமாரி. மூடிக் கிடந்தாலும் உள்ளே எது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே பார்த்தேன். காருக்குள் மூன்று முகங்களும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்ரோலுக்கும் ஒரு போத்தல் பாலுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

"கையைக் காட்டுங்கோ" என்றாய், மகளே. காட்டினேன். முகர்ந்தாய்.

"ரசம்" என்றாய். பிறகு கதவைத் திறந்து இறங்கி, அம்மாவைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் வந்து இருந்தாய். குளிர்கிறது என்று கண்ணாடியையும் மூடினாய்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டீர்கள். முன்சீட்டில் உன் பென்சில் பெட்டி கிடந்தது. அழிறப்பரின் ஒரு பக்கம் கரி பிடித்ததுபோல் இருந்தது. திங்கட்கிழமை அது வகுப்புக்குப் போகவேண்டும். கார் நிற்கிற இடத்தில் குந்தியிருந்து, அது வெள்ளையாகும்வரை சீமெந்துத் தரையில் உரஞ்சினேன். மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். ரப்பர் மணம்தான். பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.