கோட்டின் நுனியில் ஒரு தூசி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், போட்ட டீ ஆறுவதற்குள், நான் ஒரு மனிதரை வெட்டிப் போட்டேன்.

பதறாதீர்கள். போனில்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் புதுப் பைத்தியம் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில் போனும் கையுமாக எங்கள் ஊர்க் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவேன். முதல் தடவை படிக்கிறவர்கள் அவசரப்பட்டு மேப்பைத் திறக்க வேண்டாம்... கோலார் தங்கவயலில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நாங்களும் சென்னைக்கு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கடற்கரை மட்டும் உண்டு.

அதுதான் சயனைடு மலை. சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு பக்கமாகக் கொட்டினார்கள். கொட்டினார்கள், கொட்டினார்கள்... தலைமுறை தலைமுறையாகக் கொட்டினார்கள். அது மலையாக நின்றுவிட்டது. வெளிறிப்போன மணல் மலை. மழைக்காலத்தில் அடிவாரத்தில் தண்ணீர் தேங்கும். காற்று வந்தால் குட்டிக் குட்டியாக அலை கிளம்பும், கரையில் மணல் வரிவரியாகப் படியும். கல்யாண ஜோடிகள்கூட போட்டோ எடுக்க வருவதுண்டு. என்ன, அந்தத் தண்ணீரில் மட்டும் நாங்கள் யாரும் கால் வைக்கமாட்டோம்.

இந்தக் கடற்கரையின் விசேஷம், அது நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. ஒரு ராத்திரி மழை போதும். மலைச் சரிவில் புதுசாக ஓடை கிழித்திருக்கும். போன மாதம் மதில் மாதிரி நின்ற மணல் இந்த மாதம் சரிந்து தண்ணீருக்குள் போயிருக்கும். நான் ஒவ்வொரு முறையும் எதிர்க்கரையில் இருக்கும் அதே இடிந்த சுவர்மேல் முழங்கையை ஊன்றி, அதே கோணத்தில் எடுக்கிறேன். படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் மலை மூச்சு விடுவது தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மேடுதான். இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை?

எடுப்பது பாதி வேலை. வெட்டுவது மீதி. இந்த ஞானம் எனக்கு பெங்களூரு ரயிலில் கிடைத்தது. தினமும் ஒரே பெட்டியில் ஆபீஸ் போகிறவர்கள் சேர்ந்து ஒரு போட்டோ குரூப் வைத்திருக்கிறோம். நான் படம் போட்டால் உடனே பதில் வரும். 'அக்கா, வலது பக்கம் செல்போன் டவரை வெட்டுங்க.' 'அக்கா, கீழே பிளாஸ்டிக் கவர்.' 'அக்கா, அந்த ஆடு எதுக்கு?' ஆட்டை வெட்டச் சொன்னவர் சுத்த சைவம். டவரையும் கவரையும் ஆட்டையும் எடுத்துவிட்டால் ஒரு சாதாரணப் படம் எப்படி நிமிர்ந்து உட்காருகிறது தெரியுமா? ருசி கண்டுவிட்டேன். இப்போதெல்லாம் என் விரல் சும்மா இருப்பதில்லை.

சரி, போன ஞாயிறுக்கு வருவோம்.

சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் ஓடினேன். வானம் கழுவி விட்டிருந்தது. மலை ஈரத்தில் பளபளவென்று... எதிர் வெயிலில் கண் கூசியது. நாலைந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றைத் திறந்தேன். சரிவில் புதுசாக ஒரு கோடு! அடிவாரத்தில் தொடங்கி, வளைந்து வளைந்து மேலே போகிற மெல்லிய கோடு. ராத்திரி மழை கிழித்த ஓடை என்று நினைத்துக்கொண்டேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

ஆனால் உச்சியில், வானத்துக்கு எதிரில், ஒரு கறுப்புப் புள்ளி.

லென்ஸில் தூசி. வேறென்ன? எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் முதல் சந்தேகம் தூசி மேல்தான். கோடையில் மலையிலிருந்து கிளம்பி, தலையணை, தட்டு, தொண்டை என்று எல்லா இடத்திலும் உட்காரும். டிவி மங்கலா? தூசி. ஃபேன் ஓடவில்லையா? தூசி. அதனால் போனைப் புடவையில் துடைத்தேன். வழக்கமான டவர், ஆடு, கவரோடு படத்தின் மேல்பக்கத்தையும், புள்ளியோடு சேர்த்து, வானத்தோடு சேர்த்து வெட்டினேன். கோடு பாதியில் நின்றது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சேவ் பண்ணி குரூப்பில் போட்டேன்.

மத்தியானத்துக்குள் ஒரே பாராட்டு மழை. எல்லாரும் கோட்டைத்தான் பாராட்டினார்கள். 'கண்ணை அப்படியே கையைப் பிடிச்சு கூட்டிக்கிட்டுப் போகுது அக்கா' என்று ஒருவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

பக்கத்து வீடு தாஸ் அண்ணனுடையது. தங்கவயலின் ஊரிகம் பகுதியில் எங்களுடையது லைன் வீடுகள்... ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தாஸ் அண்ணன் நிறையவே இருமுவார். சுரங்கத்தில் கீழே வேலை பார்த்த நெஞ்சு. மனைவி போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். போன மாதம் ஸ்டேஷன் போகிற வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். அதிலிருந்து பெங்களூருவில் இருக்கும் மகள் ஷெர்லிக்குத் தூக்கம் இல்லை. ஒன்பதாவது மாடியில் அவளுக்கு ஃப்ளாட். அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

அண்ணனுக்கோ ஊரை விட மனசில்லை. காலையில் சர்ச், டீக்கடை பெஞ்ச், கூட வேலை பார்த்தவர்களோடு அரட்டை... இதெல்லாம் ஒன்பதாவது மாடியில் ஏது?

சுவர் வழியாக எல்லாம் கேட்டது. கேட்கக்கூடாதுதான். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"பேடப்பா, வேணாம். தெருமுனை வரைக்கும் நடக்க முடியல உங்களால. இங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போறீங்க?"

"யாரு சொன்னது நடக்க முடியலன்னு? இன்னிக்குக் காலையில சயனைடு மலை உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்துகீறேன்."

ஷெர்லி சிரித்துவிட்டாள். நானும் இந்தப் பக்கம் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

"நம்பலைன்னா விஜியம்மாவைக் கேளு. எதிர்ல நின்னுக்கினு போட்டோ எடுத்துக்கினு இருந்தா. நான் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்."

அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் என் வாசலில். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிச்சயம். சாட்சி கைவசம் இருக்கிறது என்கிற தெம்பு.

"சொல்லும்மா. என்னைப் பார்த்தேதானே?"

நான் என்ன சொல்வேன்? பார்க்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"நான் யாரையும் பார்க்கலையே அண்ணே..."

அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். ஷெர்லிக்கும் அது வெற்றியாகத் தெரியவில்லை, பாவம். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்து அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பீரோ திறக்கிற சத்தம். துணி எடுத்து வைக்கிறார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. அண்ணன் வீம்புக்காரர்தான், ஆனால் புளுகுகிற ஆள் இல்லை. போனை எடுத்தேன். குரூப்பில் புதுசாக ஒரு கேள்வி வந்திருந்தது. ஆட்டை வெட்டச் சொன்ன அதே ஆள்.

'அக்கா, எல்லாம் சரி. இந்தக் கோடு எங்கே போய் முடியுது?'

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஓடை என்றால் தண்ணீர் நேராக இறங்கும், கீழே வர வர அகலமாகும். இதுவோ அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம். சரிவில் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகிறது. தண்ணீர் எங்கேயாவது குறுக்கே நடக்குமா?

இன்னும் பெரிசாக்கினேன். அது கோடே இல்லை. புள்ளி புள்ளியாக... ஈர மணலில் பதிந்த கால் தடம்.

எடிட்டைத் திறந்து, வெட்டியதையெல்லாம் திருப்பித் தரும் ரிவர்ட் பட்டனைத் தேடினேன். அழுத்தினேன். டவர் வந்தது, ஆடு வந்தது, பிளாஸ்டிக் கவர் வந்தது. மலை மேலே மேலே வளர்ந்தது. நான் வெட்டின வானம் மொத்தமும் திரும்பி வந்தது. கோடு விட்ட இடத்திலிருந்து கிளம்பி, ஏறி, உச்சியில் போய் நின்றது. அந்த நுனியில் என் தூசி.

தூசிக்கு இரண்டு கை இருந்தது. இரண்டும் மேலே தூக்கியிருந்தன.

மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் பழைய வார்த்தை என்பீர்கள். அதுதான் நடந்தது. இத்தனை படம் எடுத்திருக்கிறேன், அந்த மலை எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு முழு மனிதர், எனக்கு அண்ணன் முறை, அதன் மேல் நின்றால் லென்ஸ் தூசி அளவு! அப்புறம் தோன்றியது... இந்த மலை மொத்தமும் பூமிக்குக் கீழே இருந்தது. அவரைப் போன்றவர்கள் உள்ளே போய்த் தோண்டி அனுப்பியது. கீழே போனவர் இப்போது அதே பாறையின் தலைமேல் நின்று கையாட்டுகிறார். நான் டீ குடித்துக்கொண்டே துடைத்து எறிந்திருக்கிறேன்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

ஷெர்லி சூட்கேஸ் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். பார்த்தாள். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்... முகம் சிவந்துவிட்டது.

"பைத்தியமாப்பா உங்களுக்கு? அங்க மேல மூச்சு நின்னு போயிருந்தா? யாருக்குத் தெரியும்? ஆன்ட்டிக்கே தெரியலையே, எதிர்ல நின்னுட்டு!"

அது எனக்கும் சேர்த்து விழுந்த அடி. வாங்கிக்கொண்டேன். ஏறியதற்கான அத்தாட்சியே அண்ணனுக்கு எதிராகத் திரும்புகிறதே என்று பயமாகவும் இருந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே போனுக்குக் கை நீட்டினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்க பாரு. இந்த இடத்துல மணல் கலைஞ்சுகீது பாரு, இங்க உட்கார்ந்தேன். மூச்சு தெளியற வரைக்கும் எழுந்துக்கல. அப்புறம் இதோ, இங்க உட்கார்ந்தேன். இங்கயும். நேரா ஏறினா நெஞ்சு புடிச்சுக்கும்னு எனக்குத் தெரியாதா? குறுக்கால குறுக்கால போனேன். மேல ஏற இது இன்னா கேஜா, ஒரே இழுப்புல கொண்டாந்து விட?"

கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டு. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஷெர்லிக்கும் தெரியும். அவள் போனைத் திரும்ப வாங்கி, அப்பா உட்கார்ந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். அடியிலிருந்து நுனிவரை. ரொம்ப நேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்குப்பா ஏறினீங்க?"

"நீ வந்து கூட்டிக்கினு போவேன்னு தெரியும். என்னால முடியுமா முடியாதான்னு எனக்கே தெரிஞ்சுக்கணும் இல்ல? முடியலைன்னா பேசாம உன் பின்னால வந்திருப்பேன்."

சூட்கேஸ் ஜிப் பாதியிலேயே நின்றது. ஷெர்லி அப்புறம் ஆபீஸில் மீட்டிங் முடிக்கிற குரலில் சொன்னாள்.

"சரி. இப்போதைக்கு இருங்க. ஆனா தனியா ஏறக்கூடாது. எங்க போனாலும் விஜி ஆன்ட்டியோட போங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்கு போட்டோ வரணும்."

என்னை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

போகும்போது ஷெர்லி அந்தப் படத்தை அனுப்பச் சொன்னாள். "அப்பாவை மட்டும் கிட்டக்க க்ராப் பண்ணிக் கொடுங்க ஆன்ட்டி." செய்து காட்டினேன். உடைந்த கட்டம் கட்டமாகக் கறுப்பாக ஏதோ வந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு மாதிரி வெட்டினோம். டவர் போனது. ஆடு போனது. உயரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. கீழே தண்ணீர், நடுவில் அந்த மாபெரும் வெளிறிய சரிவு, அதில் இடமும் வலமுமாக ஒரு கோடு, மேலே நிறைய வானம். நுனியில் தாஸ் அண்ணன். நான் வெட்டியதிலேயே நல்ல க்ராப் அதுதான்.

குரூப்பிலும் போட்டேன். அப்புறம் ஆட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'அக்கா, இதை இனிமே தொடாதீங்க.'

இந்த வாரமும் மழை பெய்தது. அண்ணன் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகக் காலையிலேயே வாசலில் வந்து நின்றுவிட்டார். மலை மறுபடியும் மாறியிருந்தது, போன வாரக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு பேரும் முதல் திருப்பம் வரைக்கும் ஏறினோம். அதற்கே எனக்கு நுரை தள்ளிவிட்டது. அண்ணன் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில், ஓரத்தில், கறுப்பாக ஒரு தூசி.

இப்போதெல்லாம் துடைப்பதில்லை... முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.