கம்பெனி பஸ் சொட்டு மருந்து

மஞ்சுளாவுக்குச் சோறு போடறது அவ கண்ணுதான். ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைட்டுக்கு அடியில உக்காந்துகினு, ரப்பர் வளையத்துல முடியளவு கீறல் இருந்தாலும் பொறுக்கித் தனியா போடணும். வல்லக்கோட்டைக்காரி அவ. ரொம்ப வருஷமா கண்ணுல எண்ணெய் வுட்டுகினுதான் பாக்கறா.

ஆனா அந்தக் கண்ண ரோடு சும்மா வுடுதா? ஜல்லி லாரி, டிரெய்லர், தார்ப்பாய் போடாம மண்ணள்ளிகினு போற டிப்பர்! கம்பெனி பஸ்ஸோட ஜன்னலோ மூடவே மூடாது. போய்ச் சேர்றதுக்குள்ள கண்ணு மொளகாப்பழம். அப்படியே கேட்டுல நின்னா, ‘மெட்ராஸ் ஐ’ன்னு சொல்லி செக்யூரிட்டி திருப்பி அனுப்பிடுவான். அன்னிக்கு சம்பளம் கட். தூசியில செவந்ததுக்கும் நோவுல செவந்ததுக்கும் அந்தாளுக்கு இன்னா தெரியும்?

அதுக்கு மஞ்சுளா ஒரு வழி கண்டுபிடிச்சா. மெடிக்கல்ல போய், “செவப்பு சீக்கிரம் போவணும்ணா”ன்னு கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினா. வுட்டதும் கண்ணு வெளுத்துடும். அவளப் பாத்து அது பஸ்ஸுக்கே பழக்கமாயிடுச்சு. தெனமும் பஸ் பாலம் ஏறினதும் பாட்டில் சீட்டு சீட்டா போகும். அத்தினி பேரும் அண்ணாந்துப்பாங்க. பக்கத்து சீட்டு கவியா, தூத்துக்குடியிலேருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கற பொண்ணு, “மஞ்சக்கா புண்ணியத்துல பொழப்பு ஓடுது”ன்னு சிரிப்பா.

கொஞ்ச நாளா மஞ்சுளா கதவு நிலையில இடிச்சுக்கறா. பக்கத்துல இருக்கற டம்ளர தட்டி வுடறா. ஒரு நாள் ரோட்ட தாண்டறப்ப, பக்கவாட்டுல வந்த பைக்க பாக்கவே இல்ல. “கண்ணு இன்னா பொடனியிலயா கீது?”ன்னு பைக்காரன் திட்டிட்டுப் போனான். கம்பெனி டெஸ்ட்டுல கடைசி வரி வரைக்கும் படிச்ச கண்ணாச்சே, அசதியா இருக்கும்னு அவ வுட்டுட்டா. புருஷன் பரசுராமன்தான் வுடாம கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துகினு போனான்.

டாக்டரம்மா அவள நேரா பாக்கச் சொல்லிட்டு, காதுப் பக்கத்துலேருந்து ஒரு வெரல முன்னால கொண்டாந்தாங்க. “எப்ப தெரியுதோ சொல்லும்மா.” மஞ்சுளா காத்துகினே இருந்தா. வெரல் மூஞ்சிக்கு நேரா வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

மத்த டெஸ்ட்டெல்லாம் பாத்துட்டு அவங்க பாட்டில வாங்கிப் பாத்தாங்க. “யாரக் கேட்டும்மா இத விட்ட? இதுல ஸ்டீராய்டு இருக்கு. வருஷக்கணக்கா விட்டு கண்ணுல அழுத்தம் ஏறி, நரம்பு செத்துப்போச்சு. ஓரத்துலேருந்து போறதால தெரியல. மிச்சத்தக் காப்பாத்தலாம். போனது வராது.”

வர்ற வழியில பரசுராமன், “கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்”னு முணுமுணுத்தான்.

“சொல்லு, நீயும் சொல்லு. ரோட்டுத் தூசிய நானா கெளப்பினேன்?” அதுக்கு மேல சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்ல. மனசு வேற அடிச்சுகினு இருந்தது. பஸ்ல சொன்னா சூப்பர்வைசர் காதுக்குப் போவும். கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்ல எவன் வெச்சுப்பான்? சொல்லலன்னா பஸ்ல மருந்து வுட்டுக்கற பசங்க கதி?

மறுநாள் பஸ் பாலம் ஏறிச்சு. மஞ்சுளா நேரா பாத்துகினு உக்காந்திருந்தா. இன்னிக்கு யாரும் கேக்கல, தப்பிச்சோம்னு நெனச்சா.

“யக்கா, எம்புட்டு நேரமா கைய நீட்டிட்டு இருக்கேன், பாக்கவே மாட்டேங்கீங்களே!”

தலைய முழுசா திருப்பினப்புறம்தான் கவியா கை தெரிஞ்சுது. அவளுக்குப் பின்னாடி செவந்த கண்ணுங்க வரிசையா சொட்டுக்குக் காத்துகினு இருந்தது. வேலை போனா போய்த் தொலையட்டும்!

“கவியா, நேரா பாரு. நான் வெரல பக்கத்துலேருந்து கொண்டாருவேன். தெரிஞ்சதும் சொல்லு.”

கவியா சிரிச்சுகினே நேரா பாத்தா. மஞ்சுளாவோட வெரல் அவ காதத் தாண்டி, கன்னத்தத் தாண்டி வந்துச்சு.

“சீக்கிரம் வெரலக் காட்டுங்கக்கா, கேட்டு வந்திரப் போகுது”ன்னா கவியா.