நடப்பதற்கு முக்கால் மணி நேரம்

பத்தாம் வகுப்போடு நின்றவன் பேனா எடுத்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாயே வராது. மைசூர் அரண்மனையைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதியிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து உட்கார எனக்குத் தகுதி கிடையாது. அரண்மனையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எப்படி ஆனது என்பதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டலில், தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றில் நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு இரவு திரும்புவேன். அடுத்த வீட்டில் அக்காவும் மாமாவும். சாப்பாடு அங்கேதான். அக்கா அந்த லைன் முழுவதற்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள்.

மாமா, சுரங்கம் மூடுகிறவரை, கேஜ் வாசலில் நின்றவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்போம். இறங்குகிற ஒவ்வொருவனும் எண் போட்ட பித்தளை டோக்கனை மேலே கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிஃப்டு முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அந்த டோக்கன் இறங்காமல் மாமா வீட்டுக்கு வந்ததில்லை என்று அக்கா சொல்வாள். குழம்பு எத்தனை முறை சூடு பண்ணினாள் என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் மைசூர் போவதாக இருந்தது. ஷிஃப்டில் ஆள் குறைந்து லீவு கிடைக்கவில்லை. அடுத்த முறை கிளம்பினபோது அக்கா வயிற்றில் பிள்ளை. பிறகு சுரங்கம் மூடினார்கள், அப்போது யாருக்கு மைசூர் ஞாபகம் வரும். இப்போது அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. தையல் மெஷினை மிதிக்கவே பல்லைக் கடித்துக்கொள்கிறாள். அந்த மெஷினுக்கு மேலே, யாரோ எப்போதோ கொடுத்த ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கும். மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபம். காலண்டர் எந்த வருஷத்தினது என்று தெரியாது, தேதிப் பக்கம் கிழிந்து போயிற்று. படம் மட்டும் இருக்கிறது.

போன கோடை விடுமுறையில் அவர்களுடைய மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, "ஒரு சனிக்கிழமை வண்டி போட்டுப் போய்ட்டு வந்துடலாம், மாமா" என்றார். அவ்வளவுதான், மாமா சாக்பீஸ் எடுத்துக்கொண்டு சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் திட்டம் போடுவதை நான் ரசித்துப் பார்ப்பேன். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. எங்கே வண்டி நிற்கும், எங்கே டீ, யார் முன் சீட்டு, எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம், எல்லாம் கோடு கோடாகத் தரையில் வந்துவிடும். அரண்மனை, அடுத்து படங்கள் வைத்திருக்கிற இன்னொரு மாளிகை, அடுத்து ரயில் மியூசியம், மாலையில் மாப்பிள்ளை ஆசைப்பட்ட அணைக்கட்டுப் பூங்கா. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அரண்மனைக்கு முக்கா மணி நேரமா?"

"போதும். போய்ட்டு வந்தவங்ககிட்ட கேட்டுட்டேன். உள்ள போற வாசல் ஒண்ணு, வெளிய வர்றது ஒண்ணு. நடந்தா அவ்ளோதான் ஆவும்."

"நடந்தா சரி. நின்னா?"

மாமா நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "நிக்கறதுக்கு அங்க இன்னா இருக்குது?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு அப்படித்தான் போட வரும். பூமிக்குக் கீழே ஒரு லெவலுக்கு இறங்கினால், கேஜிலிருந்து வேலை நடக்கிற இடம்வரை நடக்க எவ்வளவு நேரம், திரும்ப எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. வழியில் சும்மா நிற்பதற்கு ஒருவரும் நேரம் போடுவதில்லை. நிற்கக் கூடாத இடத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் எங்கள் ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள்.

அக்கா, "இந்த முட்டிய வச்சிகினு இன்னொரு வாட்டி நான் எங்க வரப்போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். அது சண்டைக் குரலில் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அது காதிலேயே நின்றுவிட்டது.

இருட்டோடு கிளம்பினோம். மாமாவின் கணக்குப்படி வண்டி போயிற்று, டீயும் அதே இடத்தில். அரண்மனை வாசலில் செருப்பை விட வேண்டும். அங்கே இருந்த ஆள் எங்கள் ஐந்து பேர் செருப்பையும் ஒரே பையில் போட்டு ஒரு டோக்கன் நீட்டினார். மாமா வாங்கவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு குடுங்க."

"ஒரே குடும்பந்தானே சார்?" என்று அந்த ஆள் கன்னடத்தில் கேட்டார்.

"குடும்பம் ஒண்ணுதான். காலு பத்து இருக்குது இல்ல?" என்று மாமாவும் கன்னடத்திலேயே சொன்னார்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஐந்து பைகளும் ஐந்து டோக்கன்களும் வந்த பிறகே மாமா நகர்ந்தார். எல்லா டோக்கனையும் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே மாமா முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பித் தலைகளை எண்ணினார். "வாங்க, வாங்க, அடைச்சிகினு நிக்காதீங்க." பொம்மைகள் இருந்த கூடம் போயிற்று. தங்கத் தகடு போர்த்திய யானை அம்பாரி கண்ணாடிக்குப் பின்னால் மின்னிக்கொண்டு போயிற்று. தங்க ஊர்க்காரன் என்று பெயர், அவ்வளவு தங்கத்தை ஒரே இடத்தில் நான் அன்றுதான் பார்த்தேன். கழுத்தைத் திருப்பிக்கொண்டே நடந்ததில் முன்னால் போனவர் குதிகாலை மிதித்துவிட்டேன். பிறகு கல்யாண மண்டபம். காலண்டரில் பார்த்த அதே இடம். எங்கிருந்தோ சுற்றுலா வந்த பிள்ளைகள் கூட்டம் ஒன்று எங்களுக்கு நடுவே புகுந்தது. படிக்கட்டு, மேலே தர்பார், மறுபடி படிக்கட்டு, வெளியே வெயில்.

செருப்பு வாங்குகிற இடத்தில் மாமா எண்ணினார். மகள், மாப்பிள்ளை, நான். அக்கா இல்லை.

"அம்மா வருவாங்கப்பா. கூட்டமா இருக்குது இல்ல" என்றாள் மகள். அக்காவின் போன் அவள் பையில்தான் இருந்தது.

பிள்ளைகள் கூட்டம் முழுவதும் வெளியே வந்து தீர்ந்தது. அக்கா வரவில்லை. மாமா நான்கு டோக்கனைக் கொடுத்து எங்கள் செருப்புகளை வாங்கினார். ஐந்தாவதைக் கொடுக்காமல் கையில் பிடித்தபடி, "அந்தப் பை இருக்குதா பாருங்க" என்றார். அந்த ஆள் எடுத்துக் காட்டினார். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, ஒரு வாரில் அக்காவே போட்ட தையல்.

"செருப்பு இருக்குது. ஆளு உள்ளதான்" என்றார் மாமா. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. கேஜ் வாசலில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

செருப்பைப் போடாமல் வெளிவாசலுக்கே திரும்பிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வழியாக உள்ளே விடமாட்டோம் என்றார் காவலர். மாமா டோக்கனைக் காட்டி, "என் ஆள் ஒண்ணு இன்னும் மேல வரல. வராம நான் போவ முடியாது" என்றார். காவலர், உள்ளே விட்டுப்போனது சின்னக் குழந்தை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சட்டென்று வழி விட்டார், "பதறாதீங்க, இங்க யாரும் தொலைய மாட்டாங்க" என்று ஆறுதலும் சொன்னார்.

அக்கா கல்யாண மண்டபத்தில்தான் இருந்தாள். சுவர் நெடுகப் பெரிய பெரிய படங்கள், தசரா ஊர்வலம். ஒரு படத்துக்கு முன்னால், ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு கயிற்றுத் தடுப்பைத் தாண்டிவிடும்போல நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களா? நல்லதா போச்சு. இங்க பாருங்க, இந்த பேண்டு வாத்தியக்காரன் சட்டை. தோள்ல எப்படி சுருக்கு புடிச்சிருக்கான் பாருங்க. வரைஞ்சவன் தைக்கத் தெரிஞ்சவன்தான், நான் அடிச்சி சொல்லுவேன்."

"இன்னாடி நீ..." என்று ஆரம்பித்தவர் உள்ளங்கையைத் திறந்தார். "டோக்கன் ஒண்ணு அப்படியே இருக்குது."

அக்கா அதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் லைன் வீட்டில் இருந்தவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்க போவேன்? நின்னுகினுதான் இருந்தேன். நிக்கறதுக்கு நீங்கதான் டைமே போடலையே."

மாமா டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும் என்று அப்படியே நின்றார். நின்றதும் அவர் கண் தானாக மேலே போயிற்று. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் புதிய இடத்தில் நின்றால் முதலில் கூரையைத்தான் பார்ப்பார்கள். கல் எங்கே விட்டுக்கொடுக்கும், முட்டு எங்கே தாங்குகிறது என்று. முதல் முறை வந்தபோது தலைகளை எண்ணிக்கொண்டே போனதில் அவர் கூரையைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கூரை முழுவதும் வண்ணக் கண்ணாடி. மயில்கள், பூக்கள், நடுவில் கூம்பிப் போகிற எட்டுப்பட்டை மாடம். வெயில் அதன் வழியாக நீலமும் பச்சையுமாக இறங்கி மாமாவின் வழுக்கையில் விழுந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றார்.

"யப்பா! இவ்ளோ கண்ணாடிய எதுல நிறுத்தியிருக்கான்?" ஒரு தூணிடம் போனார். தொடக் கூடாது என்று எழுதியிருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காது வைத்துக் கேட்பதுபோல் சாய்ந்து பார்த்தார். "இரும்பு, மச்சான்! மொத்தமும் இரும்புத் தூணு. இன்னா சப்போர்ட் குடுத்துருக்கான் பாத்தியா? ஒரு இடத்துல விரிசல் இல்ல, ஒரு இடத்துல எறக்கம் இல்ல. இதுக்குக் கீழ கண்ண மூடிகினு படுக்கலாம்."

அவர் வாயிலிருந்து ஒரு கூரைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

"இப்ப சொல்லுங்க. நிக்கறதுக்கு இங்க இன்னா இருக்குது?" என்றாள் அக்கா.

"போடி" என்றார் மாமா, தலையை இறக்காமலே. பிறகு என்னிடம், "மச்சான், நீ போய் புள்ளைங்ககிட்ட சொல்லு. நாங்க மெதுவாத்தான் வருவோம். மீதி எல்லாம் கேன்சல்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு படமாக நகர்ந்தாள். ஒவ்வொரு முகத்தையும் தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மாமா அவளுக்கு ஒரு பக்கம் தோளைக் கொடுத்துக்கொண்டு தூண் தூணாக நகர்ந்தார். கூட்டம் அவர்களை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் அவசரப்படவில்லை. அரண்மனை அழகுதான். எனக்கு அன்று அவர்கள் நின்ற அழகும் பெரிதாகத் தெரிந்தது. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் தெரிந்தது.

வெளியே வந்து செய்தியைச் சொன்னேன். மாப்பிள்ளை முகம் சுருங்கும் என்று பயந்தேன். அவர் நல்ல பிள்ளை. மரத்தடியில் துண்டை விரித்துக்கொண்டு, "அத்தை பாக்கட்டும், மாமா. அந்தப் பூங்காவுல தண்ணி பீச்சறத நான் போன்ல பாத்துக்கறேன்" என்றார் என்னிடம். மகள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தாள். நாங்கள் சாப்பிட்டோம். தூங்கினோம். எழுந்தோம். அப்போதும் அவர்கள் வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு வந்தார்கள். அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள், ஆனால் பேசிக்கொண்டே வந்தாள். மாமா கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னா மாமா, ஓவர்டைமா?" என்றார் மாப்பிள்ளை.

"பின்ன? இவ ஒரே ஷிஃப்டுல முடிக்கிற ஆளா?" என்றார் மாமா. செருப்புக்காரரிடம் போய் ஐந்தாவது டோக்கனைக் கொடுத்தார். பையிலிருந்து நீலச் செருப்பை எடுத்து, குனிந்து, அக்கா கால் அருகே ஜோடியாக வைத்தார். குனிய முடியாதவளுக்கு அவ்வளவு பேர் முன்னால் அவர் அப்படிச் செய்ததை அவள் கவனித்தாளோ தெரியாது. வாத்தியக்காரன் சட்டைச் சுருக்கைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்துவிட்டு சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போனோம். மாமா கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தார்.